ஜான் மியூர் பாதைக்கு எந்த அல்ட்ராலைட் பை? மிகப் பாரமான காலையை வைத்து முடிவு செய்யுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். சான் ஹோசேயில் இருக்கும் ஒருவர் வரும் ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் போகும் ஜான் மியூர் பாதையை யோசெமிட்டியில் தொடங்கி விட்னி சிகரம் வரை 16 நாளில் நடக்கப் போகிறார். பேஸ் வெயிட்டை, அதாவது உணவும் தண்ணீரும் சேராத சாமான் எடையை, 4.5 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டார். 500 கிராம் எடையில் ஃப்ரேம் (முதுகுப்பக்கம் விறைப்பு தரும் சட்டம்) இல்லாத 40 லிட்டர் பை ஒன்று, 900 கிராம் எடையில் ஃப்ரேம் வைத்த 55 லிட்டர் பை ஒன்று, இரண்டும் கண்ணில் இருக்கின்றன. "ஒவ்வொரு கிராமாகக் குறைத்துவிட்டு, பையில் போய் 400 கிராமை ஏன் கூட்ட வேண்டும்?" என்று கேட்கிறார்.

உங்கள் நடைக்கு ஃப்ரேம் வைத்த 55 லிட்டர் பைதான் சரி. ஃப்ரேம் இல்லாத பை மட்டமானது என்று சொல்லவில்லை. வார இறுதியில் இரண்டு மூன்று நாள் போய்வர அதைப் போலச் சுகமானது வேறு இல்லை. ஆனால் இந்தப் பாதையில் ஒரு குறிப்பிட்ட காலை இருக்கிறது. அந்தக் காலையில் உங்கள் முதுகில் எவ்வளவு ஏறுகிறது என்பதே பையைத் தீர்மானிக்க வேண்டும்.

பேஸ் வெயிட் என்பது உணவு, தண்ணீர், அடுப்பு எரிவாயு, உடம்பில் அணிந்திருப்பவை எல்லாவற்றையும் கழித்துவிட்டுச் சொல்லும் எடை. அமெரிக்காவில் அது 10 பவுண்டுக்கு, அதாவது 4.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் அல்ட்ராலைட் என்பார்கள். இரண்டு பேருடைய சாமான்களை ஒப்பிட அது நல்ல அளவுகோல். பையைத் தேர்ந்தெடுக்க அது உதவாது, ஏனென்றால் கழித்த சாமான்களையும் நீங்கள்தான் சுமக்கப் போகிறீர்கள்.

தெற்கு நோக்கி நடப்பவருக்கு, பாதையை விட்டு அதிகம் விலகாமல் உணவு எடுக்கக்கூடிய கடைசி இடம் மியூர் டிரெயில் ரான்ச் என்ற தங்குமிடம். முன்கூட்டியே பிளாஸ்டிக் வாளியில் அடைத்துத் தபாலில் அனுப்பியதை அங்கே எடுத்துக்கொள்கிறீர்கள். அங்கிருந்து விட்னி ஏறி, மறுபக்கம் விட்னி போர்ட்டலில் இறங்க ஏறத்தாழ 180 கி.மீ. 16 நாள் திட்டத்தின் வேகம் நாளுக்கு 22, 23 கி.மீ. என்பதால் அந்தத் துண்டுக்கு எட்டு நாள் ஆகும். அந்த ரான்ச்சிலிருந்து கிளம்பும் காலையின் கணக்கைப் பாருங்கள்:

பை நீங்கலாக உங்கள் சாமான்: 4.0 கிலோ
கரடி டப்பா (உணவைக் கரடி எடுக்காமல் காக்கும் கெட்டி டப்பா): 1.16 கிலோ
எட்டு நாள் உணவு, நாளுக்கு 750 கிராம்: 6.0 கிலோ
எரிவாயுக் குப்பி (230 கிராம் வாயு, குப்பியோடு சேர்த்து): 0.38 கிலோ
தண்ணீர் ஒரு லிட்டர்: 1.0 கிலோ

மொத்தம் 12.54 கிலோ. 500 கிராம் பை என்றால் 13.04, 900 கிராம் பை என்றால் 13.44. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் 400 கிராம் அந்தக் காலைச் சுமையில் மூன்று சதவீதம். அந்த மூன்று சதவீதத்தை மிச்சம் பிடிக்க, மீதி 97 சதவீதத்தை இடுப்பில் இறக்கும் கருவியை விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் உண்மையான கேள்வி.

பட்டியலில் கரடி டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். பேஸ் வெயிட் கணக்கில் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். 4.5 கிலோ என்று நீங்கள் சொன்னதிலும் அது இருப்பதாகத் தெரியவில்லை. யோசெமிட்டி காட்டுப்பகுதியில் இரவு தங்குபவருக்கு அது கட்டாயம். தெற்கே கிங்ஸ் கேன்யன் பகுதியில் ரே லேக்ஸ் போன்ற இடங்களிலும் கட்டாயம். அர்சாக் என்ற துணிப்பை கிராம் எண்ணுபவர்களுக்குப் பிடித்தமானது, ஆனால் யோசெமிட்டியில் அதை ஏற்பதில்லை. ஆகவே கெட்டியான டப்பாதான். அது உங்கள் பையின் எடையைவிட அதன் வடிவத்தைத்தான் அதிகம் தீர்மானிக்கும்.

ஃப்ரேம் இல்லாத பை எங்கே தோற்கும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இடுப்புப் பட்டை எடையைத் தாங்குவது எப்படி? தோள்வார் தைத்திருக்கும் இடத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவே விறைப்பான ஏதோ ஒன்று இருந்தால், மேலே இருக்கும் எடை அதன் வழியே கீழே இடுப்பெலும்புக்கு வருகிறது. அந்த விறைப்பு இல்லையென்றால் பை நடுவில் மடிந்து உட்கார்ந்துவிடும். இடுப்புப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது பையின் அடிப்பகுதியை இடுப்போடு கட்டி வைக்குமே தவிர, சுமை தோளிலேயே தொங்கும். ஃப்ரேம் இல்லாத பையில் மடித்த ஃபோம் பாய் விறைப்பைக் கொடுக்கிறது, இறுக்கி அடைத்த சாமானும் கொஞ்சம் கொடுக்கிறது. மொத்தச் சுமை ஏழெட்டு கிலோ வரை இது நன்றாக வேலை செய்யும். 9 கிலோ வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் ஃபோம் வளைந்து கொடுக்கத் தொடங்கிவிடும்.

உங்கள் கணக்கில் நாளுக்கு 750 கிராம் குறைகிறது. 13 கிலோவிலிருந்து 9 கிலோவுக்கு வர ஐந்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் மியூர், மேதர், பின்ச்சோ கணவாய்களைத் தாண்டியிருப்பீர்கள், எல்லாமே 3,600 மீட்டருக்கு மேல். ரான்ச் இருப்பது ஏறத்தாழ 2,350 மீட்டரில். சுமை மிக அதிகமாக இருக்கும் முதல் இரண்டு நாளில்தான் அங்கிருந்து 1,300 மீட்டர் ஏற வேண்டும்.

அல்ட்ராலைட் வழக்கத்தின் முன்னோடிகளாகச் சொல்லப்படும் எம்மா கேட்வுட், ரே ஜார்டின் இருவரும் ஃப்ரேம் இல்லாத வீட்டுத் தயாரிப்புப் பைகளோடுதானே நடந்தார்கள் என்று யாராவது கேட்பார்கள். கேட்வுட் 1955இல் 67 வயதில் அமெரிக்காவின் கிழக்கே உள்ள அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார், தோளில் மாட்டியது தாமே தைத்த ஒரு துணிச்சாக்கு. உண்மைதான். அந்தப் பாதை ஊர்களை அடிக்கடி தொட்டுக்கொண்டு போகிறது, கரடி டப்பாவும் அன்று கிடையாது. சாக்கின் பெருமை அதில் இருந்த சாமானின் சிறுமையில் இருந்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கெர்சார்ஜ் கணவாய் வழியாக ஆனியன் பள்ளத்தாக்குக்கு இறங்கி, நடுவில் இன்னொரு முறை உணவு எடுத்தால் எட்டு நாள் ஐந்தும் மூன்றுமாகப் பிரியும். கிளம்பும் காலைச் சுமை இரண்டு கிலோவுக்கு மேல் குறையும். ஆனால் பாதையிலிருந்து அங்கே போக 12 கி.மீ., திரும்ப 12 கி.மீ., ஒரு கணவாயை இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். கூடவே ஒரு நாளும் போகும். அப்படிப் பிரித்தாலும் 11 கிலோ அருகில்தான் நிற்பீர்கள், ஃப்ரேம் இல்லாத பைக்கு அதுவும் அதிகம். அதை உணவுக்காகச் செய்யலாம், பைக்காகச் செய்ய வேண்டாம்.

இனி டப்பாவும் பையும். பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் 500 டப்பாவின் கொள்ளளவு 11.5 லிட்டர். வெளிவிட்டம் ஏறத்தாழ 22 செ.மீ., உயரம் 32 செ.மீ. அதன் சுற்றளவு 69 செ.மீ. அல்ட்ராலைட் பைகள் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காகக் குறுகலாகத் தைக்கப்படுகின்றன, அகலம் 28 செ.மீ. அளவில்தான் இருக்கும். எனவே டப்பாவைக் குறுக்கே படுக்க வைக்க முடியாது, செங்குத்தாக நிறுத்துவதுதான் வழி. அப்போது பையின் உள் சுற்றளவுதான் முக்கியம், லிட்டர் கணக்கு அதற்குப் பிறகுதான்.

பையின் சுற்றளவு 80 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி முழு வட்டமாக உப்பினாலும் குறுக்குவெட்டு 509 சதுர செ.மீ. டப்பா அதில் 383ஐ விழுங்கிவிடும். டப்பாவைச் சுற்றி, அதன் முழு உயரத்துக்கும் மிஞ்சுவது 4 லிட்டர் இடம். சுற்றளவு 92 செ.மீ. என்றால் குறுக்குவெட்டு 673, மிஞ்சுவது 9 லிட்டருக்கு மேல். 12 செ.மீ. துணி கூடியதற்கு இடம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. 40 லிட்டர் பைகள் பெரும்பாலும் முதல் வகை. டப்பா உள்ளே போகும், போனதும் பை பீப்பாய் மாதிரி உருண்டுவிடும், முதுகுப்பக்கமும் உருண்டு முதுகெலும்பின் மேல் உருளையை வைத்துக் கட்டியது போல் இருக்கும். சுற்றளவு பெரும்பாலும் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில் இருக்கும். இல்லையென்றால் தட்டையாக வைத்த பையின் அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அடியில் குறுகி மேலே விரியும் பைகளும் உண்டு, ஆகவே அடி, நடு, வாய் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். 90க்குக் குறைந்ததை இந்தப் பாதைக்கு எடுக்காதீர்கள்.

லிட்டர் கணக்கில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அது பித்தலாட்டம் அல்ல, ஆளுக்கொரு அளவு. சிலர் பிரதான அறையை மட்டும் சொல்கிறார்கள், சிலர் வெளிப் பாக்கெட்டுகளையும் மேலே நீளும் கழுத்துப் பகுதியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஹைப்பர்லைட் மவுண்டன் கியர் கம்பெனியின் 3400 பையில் அந்த எண் கன அங்குலக் கணக்கு, 61ஆல் வகுத்தால் 55 லிட்டர் வரும், அது உள் அறை மட்டும். யூ.எல்.ஏ. கம்பெனியின் சர்க்கிட் பை 68 லிட்டர் என்றால் அதில் பாக்கெட், கழுத்து எல்லாம் அடக்கம். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் பெயர் சொல்லும் அளவுக்கு வேறுபட்டவை அல்ல. ஆகவே பக்கத்தில் எழுதியிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, உள் அறை எத்தனை, வெளிப் பாக்கெட் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு தேவை? டப்பா வெளிக்கணக்கில் 12 லிட்டர். குவில்ட் (உறங்கும்போது போர்த்தும் போர்வை) 9, காற்றடைக்கும் பாய் 2, டெண்ட் 5, டவுன் (இறகுப் பஞ்சு) ஜாக்கெட்டும் மாற்றுத்துணியும் 7, பாத்திரமும் அடுப்பும் ஒன்றரை, மருந்து, சார்ஜர், சில்லறைச் சாமான் 2, டப்பாவில் அடங்காத முதல் நாள் உணவு ஒன்றரை. கூட்டினால் 40. உருளையைச் சுற்றி வீணாகும் மூலைமுடுக்குக்குப் பத்து சதவீதம் சேர்த்து 44 லிட்டர் உள் அறை. மழைக்கோட்டு, தண்ணீர், தின்பண்டம் எல்லாம் வெளியே. உள்ளே 42 முதல் 48, வெளியே 8 முதல் 12 என்று இருக்கும் பை உங்களுக்குப் பொருந்தும். பெயர்ப்பலகையில் அது 50 என்றும் இருக்கலாம், 60 என்றும் இருக்கலாம்.

முதல் நாள் உணவு வெளியே போக, மீதி ஏழு நாள் உணவு 11.5 லிட்டருக்குள் அடங்குமா என்பது உணவைப் பொறுத்தது. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குள் அடைக்க வேண்டும். கடலை மிட்டாய், வேர்க்கடலை, கெட்டி அவல், பருப்புப் பொடி, நெய் எல்லாம் இடத்துக்கு நல்ல சக்தி தருபவை. பொரி, சிப்ஸ், கப் நூடுல்ஸ் மூன்றும் காற்றைச் சுமப்பதுதான். பாக்கெட்டுகளைப் பிரித்து ஜிப் பைக்கு மாற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றினாலே கால்வாசி இடம் திரும்பி வரும்.

டப்பாவின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். உணவு தீரத் தீர எடை குறையும், உருவம் குறையாது. மற்ற பாதைகளில் போகப் போகச் சுருங்கும் பை இங்கே சுருங்காது. அதனால் பக்கவாட்டில் இறுக்கும் வார் அமைப்பு எத்தனை இருக்கிறது என்று பார்த்துக் காசு கொடுப்பது இந்தப் பாதைக்கு வீண். நான்காம் நாளிலிருந்து பகலில் மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டப்பாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரேம் வகைகள் மூன்று. ஒன்று, முதுகுப்பக்கத்தில் செருகும் அலுமினியப் பட்டைகள், ஸ்டே என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து 150 கிராம் அளவு. இரண்டாவது, சுற்றிவரும் வளைந்த குழாய் அல்லது கம்பி. மூன்றாவது, கார்பன் கம்பியை வில் போல் வளைத்து, பையை முதுகிலிருந்து விலக்கி நிறுத்தும் அமைப்பு. மூன்றாவதில் முதுகு வியர்க்காது, ஆனால் எடை சற்றுப் பின்னால் தள்ளிப் போகும். ஏற்கெனவே டப்பா பின்பக்கம் இழுக்கும் பயணத்தில் அது எனக்கு உவப்பில்லை. ஸ்டே வைத்த பையே இங்கே மேல். டப்பாவுக்கும் முதுகுக்கும் நடுவே அது ஒரு தட்டையான சுவராகவும் நிற்கும்.

அலுமினிய ஸ்டேயில் பலர் செய்யாமல் விடும் வேலை ஒன்று இருக்கிறது. கடையிலிருந்து அது நேராகவோ பொதுவான ஒரு வளைவோடோ வரும். அதை உருவி எடுத்து, சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் உங்கள் முதுகின் மேல் யாரையாவது வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ்முதுகின் குழியில் இடைவெளி தெரியும். முழங்கால் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி அந்தக் குழிக்கு ஏற்றபடி வளைக்க வேண்டும். ஒரே இடத்தில் கூர்மையாக மடித்தால் பிறகு அங்கேயே முறியும். கார்பனில் இந்த வேலை நடக்காது, அது வளைந்து கொடுக்காமல் உடையும்.

அளவு எடுப்பதில்தான் அதிகம் பணம் வீணாகிறது. உங்கள் உயரம் பையின் அளவைச் சொல்லாது, முதுகின் நீளம்தான் சொல்லும். ஆறடி ஆளுக்கு நடுத்தர அளவும் ஐந்தரை அடி ஆளுக்குப் பெரிய அளவும் பொருந்துவது சாதாரணம். தலையைக் குனியுங்கள். பின்கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முடிச்சு துருத்தும், அது மேல்முனை. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில், கட்டை விரல் பின்னால் வரும்படி வையுங்கள். இரு கட்டை விரல்களையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்முனை. தையல்காரர் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டி வைத்து இன்னொருவர் அளக்க வேண்டும். தனியாகக் கண்ணாடி முன் அளந்தால் இரண்டு மூன்று செ.மீ. தப்பும், ஒரு முழு அளவு மாறிப்போக அது போதும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 53 செ.மீ. வரை வரும். எல்லையில் நிற்பவர் அந்தத் தயாரிப்பாளரின் அட்டவணையையே பார்க்க வேண்டும், ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் ஸ்மால்.

எடை குறைந்த பைகளில் பலவற்றில் முதுகு நீளத்தை மாற்றும் வசதி இருக்காது. அந்த வசதியின் பட்டையும் பக்கிளும் 100 கிராமுக்கு மேல் பிடிக்கும் என்பதால் எடுத்துவிட்டிருப்பார்கள். எனவே வாங்கும்போதே சரியாக இருக்க வேண்டும். இடுப்புப் பட்டையையும் தனி அளவாகத் தருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரம் நடந்தால் இடுப்பு சிறுக்கும். இடுப்புக்குச் சரியாக இறுக்கிய பிறகும் பக்கிளின் இரு பக்கமும் இன்னும் இறுக்க ஐந்து செ.மீ. வார் மிச்சமிருப்பதை எடுங்கள். தோள்வார் வளைவிலும் இரண்டு வகை உண்டு: ஒரே பக்கம் வளைவது, பாம்பு போல இரண்டு முறை வளைவது. மார்பு அகலமானவர்களுக்கும் பெண்களுக்கும் இரண்டாவது பெரும்பாலும் நன்றாக உட்காரும், அக்குளில் உரசாது.

துணியைப் பற்றி மணிக்கணக்கில் வாதம் நடக்கும். உண்மையில் 13 கிலோ சுமக்கும் பையில் துணி இரண்டாம்பட்சம். இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 210 டெனியர் நைலான் மலிவு, கிழிந்தால் ஊசி நூலால் தைக்கலாம், மழையில் தண்ணீர் குடித்துக் கனக்கும். எக்ஸ்-பேக் பல அடுக்குத் துணி, நடுவில் நீர் புகாத படலம், சதுர மீட்டர் 200 கிராம் அளவு. அல்ட்ரா 200 சதுர மீட்டருக்கு 120 கிராம் அளவுதான், உராய்வைத் தாங்குவதில் கெட்டி. டைனீமா காம்போசிட் துணிக்கு முன்பு கியூபன் ஃபைபர் என்று பெயர். 1992இல் அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டிக்காகப் பாய்த்துணியாக வந்தது, அமெரிக்கா கியூப்ட் என்ற படகின் பெயரில் இருந்தே அந்தக் கியூபன். கியூபாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை. டைனீமா நூல் சாயம் ஏற்காது, அந்தப் பைகள் பல வெள்ளையாகவே திரிவதற்குக் காரணம் அதுதான். 150 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உருகவும் செய்யும், அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது.

படலம் ஒட்டிய துணிகளின் பொதுவான நோய், மடிப்பு விழும் இடங்களில் உள்படலம் பிரிவது. சுருட்டி மூடும் ரோல்டாப் வாயைத் திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் மடிப்பதும், வீட்டில் பையைக் கசக்கிப் பெட்டிக்குள் திணித்து வைப்பதும் அதை வேகப்படுத்தும். சியராவில் பையைக் கொல்வது கிரானைட் பாறை. உட்காரும்போது பையைப் பாறையில் சரித்து இழுப்பார்கள், அடிப்பக்க மூலை நூல் நூலாகத் தேயும். உடம்புக்கு எந்தத் துணி வேண்டுமானாலும் இருக்கட்டும், அடிப்பக்கத்துக்கு அதைவிடக் கனமான துணி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த இடத்தில் கூடும் 20 கிராம் வீண் போகாது.

துணியைவிடத் தையலை உற்றுப் பாருங்கள். பைகள் நடுத்துணியில் கிழிவது அபூர்வம், வார் சேரும் இடத்தில்தான் பிய்யும். தோள்வார் மேல்முனை, தோள்வாரின் கீழ்முனை தைத்த முக்கோணத் துண்டு, இடுப்புப் பட்டையின் வேர் ஆகிய மூன்று இடத்திலும் திருப்பூரில் பார்டேக் என்கிறார்களே, அந்த நெருக்கத் தையல் இருக்க வேண்டும். பையை உள்பக்கம் திருப்பி, தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு செ.மீ.க்குக் குறைந்து, விளிம்பு உறையும் இல்லாமல் நூல் தெரிந்தால் அந்தப் பை 13 கிலோவுக்கு ஆனது அல்ல. தையல் ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் நீர் வழி. துணி நீர்புகாதது என்று எழுதியிருந்தாலும் பை நீர்புகாதது ஆகிவிடாது.

அதனால் மழைக்கு உறை வேண்டாம், உள்ளே லைனர் போடுங்கள். வெளி உறை 100 கிராம், காற்றடித்தால் பறக்கும், முதுகுப்பக்கம் வழியும் நீரைத் தடுக்காது. கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று 30 முதல் 60 கிராம். குவில்ட், டவுன் ஜாக்கெட், உறங்கும் உடை மூன்றும் அதற்குள், வாயை முறுக்கி மடித்துவிட்டால் போதும். ஆகஸ்டில் சியராவில் பிற்பகல் இடிமழையும் ஆலங்கட்டியும் உண்டு. ஈரமான டெண்ட் லைனருக்கு வெளியே.

பாக்கெட்டுகளில் ஒன்றுதான் கண்டிப்பானது: பையைக் கழற்றாமல் பக்கவாட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திரும்ப வைக்க முடிய வேண்டும். எடுப்பது எல்லாப் பையிலும் நடக்கும், வைப்பதுதான் நடக்காது, அதுவும் பை நிறைந்து பக்கம் உப்பியிருக்கும்போது. கடையில் வெறும் பையோடு சோதித்தால் தெரியாது. முன்புற வலைப் பாக்கெட் ஈரத்தை உலர்த்த நல்லது, குச்சியில் சிக்கினால் முதலில் கிழிவதும் அதுதான். இடுப்புப் பாக்கெட் விருப்பம் போல. மேல்மூடி, ஐஸ் ஆக்ஸ் வளையம், தண்ணீர்க் குழாய் அறை எதுவும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். ரோல்டாப் வாயைக் குறைந்தது மூன்று சுற்றுச் சுற்ற முடிய வேண்டும், ரான்ச்சிலிருந்து கிளம்பும் காலையிலும் கூட. மேலே குறுக்கே போகும் வார் ஒன்று இருந்தால் நல்லது, கடைசி நேரத்தில் உள்ளே இடமில்லாத ஃபோம் பாயை அங்கே கட்டலாம்.

பை வந்ததும் சீட்டைக் கிழிக்காமல் வீட்டிலேயே அந்தக் காலையை ஒத்திகை பாருங்கள். டப்பாவில் ஆறு கிலோ அரிசி, அசையாதபடி மேலே ஒரு துண்டு. லைனரில் குவில்ட் அடியில், அதன் மேல் டப்பா செங்குத்தாக முதுகை ஒட்டி, சுற்றிலும் டெண்ட் துணியும் உடைகளும் திணித்து, மேலே அன்றைய உணவும் மழைக்கோட்டும். டப்பாவின் நடுப்பகுதி தோள் எலும்புகளுக்கு நடுவே வர வேண்டும். அடியில் விட்டால் பை பின்னால் தொங்கும், உச்சியில் வைத்தால் பாறை தாண்டும்போது தலை தள்ளாடும். மாட்டும்போது முதலில் எல்லா வாரையும் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டையின் நடு இடுப்பெலும்பின் விளிம்பில் படும்படி வைத்து அதை இறுக்கிய பிறகே தோள்வார், கடைசியாக லோட் லிஃப்டர் (தோள்வாரைப் பையின் மேல்பகுதியோடு இழுக்கும் சிறு வார்), மார்பு வார்.

ஒரு மணி நேரம் படி ஏறி இறங்குங்கள். பிறகு தோள்வாரைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். எடை இடுப்பிலேயே நின்றால் ஃப்ரேம் வேலை செய்கிறது. பை சடக்கென்று இரண்டு விரல் அகலம் கீழே உட்கார்ந்தால் ஃப்ரேம் போதவில்லை, அல்லது நீளம் தவறு. தோளின் பின்பக்கம் வாருக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பை உங்களுக்கு நீளம். தோள்வார் தோளைத் தாண்டி முதுகில் வெகுதூரம் இறங்கித் தோளைக் கீழே அழுத்தினாலோ, இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறினாலோ அது குட்டை. வெளித்தொடை மரத்துப்போனால் பட்டையை மிக இறுக்கியிருக்கிறீர்கள், அங்கே தோலுக்கடியில் ஓடும் நரம்பு நசுங்குகிறது. கை விரல் மரத்தால் தோள்வாரையும் மார்பு வாரையும் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியும் போகவில்லை என்றால் பையை மாற்றுங்கள். "நடக்க நடக்கப் பழகிவிடும்" என்பது காலணிக்கே அரைகுறை உண்மை, பைக்கு அறவே பொருந்தாது.

வாங்கும் வரிசையும் முக்கியம். டெண்ட், குவில்ட், டப்பா எல்லாம் கைக்கு வந்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி அளந்த பிறகு கடைசியாகப் பை. சிறு தயாரிப்பாளர்கள் ஆர்டருக்குப் பிறகே தைப்பதால் வாரக்கணக்கில் ஆகலாம், ஆகஸ்டுக்கு மே மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் ஆர்.இ.ஐ. போன்ற கடையில் ஆஸ்பிரே எக்ஸோஸ் மாதிரியைச் சுமையோடு மாட்டிப் பாருங்கள். அது முந்நூறு நானூறு கிராம் கூடுதல்தான், ஆனால் எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய இடத்தில் கிடைக்கிறது, சுமையையும் நன்றாகத் தாங்கும்.

அந்த 400 கிராமை எங்கே எடுப்பது என்ற உறுத்தல் இன்னும் இருந்தால், டப்பாவில் கை வையுங்கள். கார்பன் ஃபைபரால் ஆன பேரிகேட் வீக்எண்டர் 900 கிராமுக்குள், கொள்ளளவு பத்தரை லிட்டர். விலை கண்ணைக் கட்டும், ஆனால் வாடகைக்குக் கிடைக்கிறது. அதில் 250 கிராமுக்கு மேல் போய்விடும். தொங்கும் வார் நுனிகளை வெட்டினால் இன்னொரு 20, 30 கிராம். முதல் பயணம் முடிந்த பிறகு வெட்டுங்கள், பத்து செ.மீ. விட்டு, நுனியை லைட்டரில் காட்டி உருக்கி அடைத்துவிடுங்கள். இடுப்புப் பட்டை வாரை மட்டும் தொடாதீர்கள்: குளிரில் டவுன் ஜாக்கெட் மேல் பையை மாட்டும்போது அந்த நீளம் முழுவதும் தேவைப்படும்.